இடுப்பளவு நூலும் ராஜம்மாள் வீட்டுத் தண்ணீரும்

ஐப்பசி பிறந்துவிட்டால் ராஜம்மாள் அத்தை வானத்தைவிடத் தறிக்குழியைத்தான் அதிகம் பார்ப்பாள். காலையில் தறியில் உட்காருவதற்கு முன் குனிந்து, குழியின் அடிமண்ணை உள்ளங்கையால் அழுத்துவாள். கை உலர்ந்து வந்தால் கால்களைக் குழிக்குள் இறக்கி மிதிகட்டையில் வைப்பாள். கையில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்று முழுவதும் அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது.

அத்தை என்று சொன்னாலும் எங்களுக்கு அவள் சொந்தமில்லை, அடுத்த வீடு. என் அப்பா சம்பந்தத்தை அவள் அண்ணா என்று கூப்பிடுவாள், அதனால் எனக்கு அத்தை. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தறி உண்டு. ஆனால் பெரும்பாலும் தறி ஆணுடையது, பெண் கூட உட்கார்ந்து நெய்வாள். ராஜம்மாள் வீட்டில் அப்படியில்லை. அவள் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் பீரோ கொடுக்கவில்லை, தறி மரங்களைக் கொடுத்தார்கள். அவள் கணவர் லோகநாதன் சேத்துப்பட்டுக்கும் ஆரணிக்கும் ஓடுகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவருக்குத் தறியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது வீட்டின் நல்ல அறையை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான்.

அந்த நல்ல அறை வீட்டின் கடைசி அறை. அதன் சுவரைத் தாண்டினால் தோட்டம். எங்கள் ஊரில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வெற்றிடத்தைத் தோட்டம் என்றுதான் சொல்வோம், அதில் செடி இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. ராஜம்மாள் வீட்டுத் தோட்டத்தில் துணி துவைக்கிற கல் ஒன்று, முருங்கை ஒன்று, மற்றபடி கட்டாந்தரை. மழை பெய்தால் அந்தத் தரையில் தண்ணீர் நிற்கும். நின்ற தண்ணீர் சுவருக்கு அடியில் ஊறும். சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குழி. குழியில் ஈரம் ஏறினால் பட்டிழைகள் ஒன்றோடொன்று ஒட்டி அறுந்துகொண்டே போகும், ஜரிகை கறுக்கும், தறிக்கால் உளுக்கும்.

இரண்டாயிரமாவது வருஷத்து மழையில் குழிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியது. அதை இறைத்து ஊற்றிய பிறகு லோகநாதன் மாமா சொன்னது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

"அடுத்த வருசமும் இதேமாதிரி தண்ணி வந்துச்சின்னா குழிய மூடிடலாம். மேல மொசைக் போட்டுக்கலாம். நீ எங்கனா கொட்டாய்ல போயி நெய். இங்க தண்ணி மொண்டு ஊத்திகினு கெடக்கறதுக்கு அது எவ்ளோவோ தேவல."

அவர் கத்திப் பேசவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதனால்தான் அது நடந்துவிடும் என்று ராஜம்மாள் நம்பினாள். கோபத்தில் சொன்னதாக இருந்திருந்தால் மறுநாள் மறந்திருப்பார்.

அந்தத் தோட்டத்தில் முன்பெல்லாம் தண்ணீர் நின்றதில்லை. நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் மழை நின்ற சற்று நேரத்திலேயே அங்கே கோலி ஆடலாம். பிறகுதான் எங்கள் தெருவுக்கு சிமெண்ட் ரோடு வந்தது. பழைய ரோட்டைப் பெயர்க்காமல் அதன் தலைமேலேயே போட்டார்கள். சில வருஷத்தில் அதற்கு மேல் இன்னொன்று. எங்கள் வீடுகளின் வாசற்படிகள் ரோட்டுக்குள் புதைந்தன. முன்பு வீட்டிலிருந்து தெருவுக்கு இறங்குவோம், இப்போது ஏறுகிறோம். தெருவில் பெய்கிற மழை ராஜம்மாள் வீட்டுக்குப் பக்கத்துச் சந்து வழியாக நேரே அவள் தோட்டத்துக்கு வந்தது.

வந்த தண்ணீர் போகவும் ஒரு வழி இருந்தது. அவர்கள் தோட்டத்துக்கும் எங்கள் தோட்டத்துக்கும் நடுவில் ஒரே சுவர். அதன் கடைசியில், வீட்டிலிருந்து தூரமான முனையில், தரையோடு தரையாக ஓர் ஓட்டை. அதன் வழியாக அவர்கள் தண்ணீர் எங்கள் பக்கம் வந்து, எங்களுக்குப் பின்னால் இருக்கிற சந்தின் சாக்கடையில் விழும். ஓட்டை, சாக்கடை இரண்டையுமே ஜலதாரை என்றுதான் சொல்வோம். அந்தச் சந்து எங்கள் வீட்டோடு முடிந்துவிடுகிறது. ராஜம்மாள் வீட்டுக்குப் பின்னால் வேறு தெருக்காரர்களின் முழுச் சுவர். ஆக, அவள் தண்ணீருக்கு எங்களை விட்டால் வேறு கதி இல்லை.

தொண்ணூற்றொன்பதில் அப்பா எங்கள் தோட்டத்தில் இரண்டு தறி போட ஒரு கொட்டகை கட்டினார். குளியலறை கட்டினார். மீதித் தரை முழுக்க சிமெண்ட் போட்டார். சிமெண்ட் காய்வதற்குள் ராஜம்மாள் துணி துவைத்த சோப்பு நுரை ஓட்டை வழியாக வந்து அதில் நின்றது. அப்பா மிச்சமிருந்த கலவையை அள்ளி ஓட்டையில் அப்பி மூடிவிட்டார்.

"இன்னா அண்ணா, ஜலதாரைய அடைச்சிகினு கீற?" சுவருக்கு மேல் ராஜம்மாளின் தலை தெரிந்தது.

"நுரையெல்லாம் என் சிமெண்ட்டு மேல நிக்குது. வழுக்கி வுழுந்தா எவன் பாக்கறது?"

"அப்ப சோப்புத் தண்ணிக்கு மூடிக்கோ, மழைத் தண்ணிக்குத் தொறந்து வை. ஒரு கதவு வெச்சிக்கோ."

"ஜலதாரைக்கு எவனாவது கதவு வெப்பானா?"

"நீ வெப்ப. ஒரு ஆளு குளிக்கற ரூமுக்கு ரெண்டு கதவு வெச்சவனாச்சே நீ!"

எங்கள் அக்கா லாவண்யா சிரித்துவிட்டாள். அப்பாவுக்கு அந்தச் சிரிப்புதான் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். நுரையை மன்னித்திருப்பார். ஓட்டை மூடியது மூடியதுதான்.

அப்பாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. சிமெண்ட் போட்டபோது எங்கள் தோட்டத்துத் தரை கொட்டகையின் உள்தரையைவிடச் சற்று உயர்ந்துபோயிற்று. ஓட்டைக்கு நேர் எதிரே கொட்டகை வாசல். அதற்குள் இரண்டு தறிக்குழிகள். பெரிய மழையில் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மொத்தமும் அந்த ஓட்டை வழியே வந்தால், ஜலதாரைக்குப் போவதற்கு முன் கொட்டகைக்குள் இறங்கும். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. தன் வேலையில் இப்படி ஒரு தவறு இருக்கிறதென்று யாரிடம் சொல்வார்? சோப்பு நுரை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ராஜம்மாள் கெஞ்சுகிறவள் இல்லை. தன் தோட்டத்தைத் தானே சரிசெய்துகொள்வது என்று இறங்கினாள். முதலில் ஒரு டிராக்டர் மொரம்பு மண் வாங்கிக் கொட்டினாள். வெம்பாக்கத்திலிருந்து வேலைக்கு வரும் பச்சையப்பன் மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "சொவரு ஓரமா மண்ண ஏத்தாதம்மா, ஓதம் ஏறிப் பூடும். தூரமாத் தள்ளு" என்றார். அவள் கூடை கூடையாக வாரிப் பின்பக்கம் பரப்பினாள். தண்ணீர் நின்றது. பிறகு, வாழை தண்ணீரை இழுக்கும் என்று யாரோ சொல்ல, வரிசையாக வாழைக்கன்று நட்டாள். வாழை நன்றாக வந்தது, தண்ணீரும் நன்றாக நின்றது. லோகநாதன் மாமா பஸ்ஸில் எல்லோரிடமும், "எங்க வூட்டுத் தோட்டத்துல வாழையும் கீது, ஏரியும் கீது, மீனு மட்டும்தான் பாக்கி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கடைசியாக அதே மேஸ்திரியை வைத்து நடுத்தோட்டத்தில் ஆள் ஆழத்துக்குக் குழி எடுத்து, உடைந்த செங்கல்லும் மணலும் போட்டு நிரப்பி, தண்ணீர் தானாக உள்ளே இறங்கும் என்று காத்திருந்தாள். எங்கள் பக்கத்து மண் களிமண். ஒரே மழையில் குழி நிறைந்து, அதற்கு மேல் ஒரு சொட்டு இறங்கவில்லை. தோண்டிய களிமண்ணை எங்கே போடுவது? அதையும் பின்பக்கமே பரப்பி, கட்டையால் அடித்து இறுக்கி, அழகாக மெழுகியும் விட்டாள். தெருவில் ஸ்கூட்டர்கள் அதிகமாகிவிட்டதால் அப்போதெல்லாம் அவள் பாவு நூலை, தறியில் ஏற்றுகிற நீளவாக்கு இழைகளை, இந்தத் தோட்டத்தில்தான் நீட்டினாள். பாவு நீட்டுகிற இடம் துப்புரவாக இருக்கவேண்டும்.

இரண்டாயிரத்தொன்றில் நான் பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை, வீட்டிலும் தெரியவில்லை. வந்தவாசியில் ஒரு டியூஷன் சென்டரில் இடம் இருப்பதாகச் சொன்னார்கள், போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். பகலில் எல்லோரும் தறியில் இருக்கும்போது வெறுமனே நடமாடுகிற ஒரே ஆள் நான்தான். அதனால் அந்த வருஷத்துச் சண்டைகளை முழுவதும் பார்த்தவனும் நான்தான்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் ராஜம்மாள் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டாள். அவள் தறியில் புதுப் பாவு ஏறியிருந்தது. மாம்பழக் கலர் புடவை உடலுக்கு அரக்கு பார்டர்.

"அண்ணா, வெளிப்படையாவே சொல்றேன். இந்த மழையில குழியில தண்ணி வந்தா என் தறி போச்சி. அந்த ஆளு மூடிடுவாரு. ஜலதாரையத் தொற."

"தொறந்தா மட்டும் உன் தண்ணி போயிடுமா? உன் தோட்டம் பலகை மாதிரி சமமா கீது. சமமா கீற எடத்துல தண்ணி நிக்காம ஓடுமா?"

"சமமா? யாரு சொன்னா?"

"நூலு சொல்லும். நூலு எனக்கும் சொந்தமில்ல, உனக்கும் சொந்தமில்ல. கட்டிப் பாத்துடலாம் வா."

தெருவில் இருந்தவர்களில் பாதிப் பேர் ராஜம்மாள் தோட்டத்தில் கூடிவிட்டார்கள். அப்பா பாவு நீட்டும் கவைக்கம்புகளில் ஒன்றை வீட்டோரம் நட்டார், மற்றொன்றைக் கடைசிச் சுவரோரம். நூலின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, "இடுப்புக்குக் கட்டுடா" என்றார். எங்கள் ஆட்களுக்கு அதைச் சொல்லவே தேவையில்லை. பாவு நீட்டும்போது அது எந்த இடத்திலும் தரையில் படக்கூடாது, எந்த இடத்திலும் கைக்கு எட்டாமலும் போகக்கூடாது. அதனால் எப்போதும் தரையிலிருந்து இடுப்பளவு. நான் என் பக்கம் இடுப்புக்குக் கட்டினேன். அப்பா அவர் பக்கம் அதே உயரத்துக்குக் கட்டினார். விறைப்பாக இழுத்தார். பிறகு ஒரு கோலை எடுத்துக்கொண்டு நூலோடு நடந்தார்.

"இங்க பாரு, இடுப்பு. நடுவுல வந்து பாரு, இடுப்பு. இதோ கடைசி. எங்கனா வித்தியாசம் கீதா? சொல்லுங்கப்பா."

எல்லோரும் நெய்கிறவர்கள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சமம் என்றார்கள். ராஜம்மாள் கோலைத் தானே வாங்கி முழு நீளமும் நடந்து பார்த்தாள். அவள் கைக்கும் நூல் எங்கேயும் ஏறவில்லை, எங்கேயும் இறங்கவில்லை. கோலைக் கீழே போட்டுவிட்டு, "ஆமா, சமம்தான்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் செத்துப்போயிற்று.

கூட்டம் கலைந்தது. நூலை யாரும் அவிழ்க்கவில்லை. மறுநாள் அதில் அவள் உள்பாவாடைகள் காய்ந்தன.

மழை ஒரு காலை நேரத்தில் பிடித்தது. விடியும்போதே இருட்டிக்கொண்டு வந்து, பால்காரர் வந்து போவதற்குள் தெரு தெரியாதபடி கொட்டியது. வானொலியில் கரையோரத்தில் புயல் என்று சொன்னார்கள். சந்து வழியாகத் தண்ணீர் வாய்க்கால்போல ஓடுகிற சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்டது. அப்பா கொட்டகை வாசலில் நின்றுகொண்டு சுவரில் அடைத்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சு கெட்டியாகத்தான் இருந்தது.

"கிரண், எதுக்கும் ரெண்டு கோணியில மண்ணு ரொப்பி அது முன்னாடி வை" என்றார்.

கொட்டகை கட்டி மிஞ்சிய மணலை இரண்டு கோணியில் நான் நிரப்பி முடித்தபோது முதல் அடி விழுந்தது. சுவரே அதிர்ந்தது. அந்தப் பக்கம் யாரோ கடப்பாரையால் இடிக்கிறார்கள்.

"ராஜம்மா! ஏய், ராஜம்மா! இன்னா பண்ற?"

இரண்டாவது அடி. பூச்சில் விரிசல் விட்டது.

அப்பா எங்கள் பக்கத்துத் துவைக்கிற கல்மேல் ஏறிச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். நானும் ஏறினேன். ராஜம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, ஓட்டைக்கு முன்னால் மண்ணைக் கொத்தி ஒதுக்கிவிட்டுச் சுவரை இடித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் சொல்றேன்! எங்கொட்டாய்க்குள்ள தண்ணி பூந்துச்சின்னா நான் மனுசனா இருக்கமாட்டேன்!"

"எங்குழியில மொழங்காலுக்கு வந்துகினு கீது! நீ மனுசனா இருந்தா எனக்கின்னா, இல்லாங்காட்டி எனக்கின்னா?"

மூன்றாவது அடியில் பூச்சு பெயர்ந்து எங்கள் பக்கம் விழுந்தது. அப்பா கல்லிலிருந்து குதித்து இறங்கினார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றார், வருகிற தண்ணீரைக் கையாலேயே தடுத்துவிடுகிறவர்போல. அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். நாங்கள் மூன்று பேரும் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்றும் வரவில்லை.

மழைத்துளி தெறித்ததைத் தவிர ஒரு கை தண்ணீர்கூட அதிலிருந்து வரவில்லை. அப்பாவின் கைகள் இறங்கின. அவர் சிரிக்க ஆரம்பித்தார். "நான் சொல்லல? சொல்லல நானு? சமமா கீது, போவாதுன்னு சொல்லல?" என்று மழையில் நின்று கத்தினார்.

நான் கல்மேலேயே நின்றுகொண்டிருந்தேன். ராஜம்மாள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு திரும்பித் தன் தோட்டத்தைப் பார்த்தாள். அவள் காலடியில் தண்ணீர் இல்லை, வெறும் சேறு. நடுத்தோட்டத்திலிருந்து தண்ணீர் தொடங்கி, வீட்டுச் சுவர் வரைக்கும் ஒரே பரப்பாக நின்றது. அதற்கு மேலே, அன்றைக்குக் கட்டிய நூல் அப்படியே இருந்தது.

அவள் அதைத்தான் பார்த்தாள். அவள் பார்க்கிறதை நானும் பார்த்தேன். ஓட்டைப் பக்கத்து முனையில் நூல் தரையிலிருந்து இடுப்பளவு. வீட்டுப் பக்கத்து முனையிலோ நூலுக்கும் தண்ணீருக்கும் இடையில் முழங்கால் உயரம்தான் இருந்தது. தண்ணீரின் முகம் ஒன்றுதான், அது மேடு பள்ளம் அறியாது. சாய்ந்திருந்தது நூல்.

"அண்ணா" என்றாள். கத்தவில்லை. "சிரிச்சது போதும். வந்து நூலப் பாரு."

அப்பா கல்மேல் ஏறினார். வெகுநேரம் பார்த்தார். தரையிலிருந்து அளந்து கட்டிய நூல் தரை போகிறபடிதான் போகும். தரை வீட்டைப் பார்த்து இறங்கினால் நூலும் கூடவே இறங்கும். எந்த இடத்தில் அளந்தாலும் இடுப்பாகத்தான் இருக்கும். கொத்தனார் ஒருவர் அன்று அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பார். கணிதம் படித்த நானும் ஒரு முனையைக் கட்டினேன், எனக்கும் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து நாங்கள் பார்த்த நூல் எல்லாமே தரையிலிருந்து இடுப்பளவில் ஓடிய நூல்தான்.

"மண்ண எல்லாம் இங்கதானே கொட்டினேன்" என்றாள் ராஜம்மாள். "மொரம்பும் இங்க, குழியெடுத்த களியும் இங்க. வூட்டுப் பக்கம் பள்ளம் பண்ணிகினது நான்தான். நான் கட்டின கரை இது."

அவள் அங்கே நிற்கவில்லை. கடப்பாரையைப் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தாள். தண்ணீர் நின்ற விளிம்பிலிருந்து ஓட்டையை நோக்கி ஒரு கால்வாய் வெட்ட ஆரம்பித்தாள். ஓட்டை பழைய தரையின் மட்டத்தில் இருந்தது, நடுவில் நின்றது அவள் பரப்பிய மண் மட்டும்தான். களிமண் மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு விடவில்லை. வாழைக்கிழங்கு குறுக்கே வந்தது, அதையும் வெட்டித் தள்ளினாள். வீட்டுக்குள்ளே அவள் தறியில் பாவு இருந்தது. நெய்த துணியை பாலித்தீன் தாளில் சுற்றி, மிதிகட்டைகளின் கயிற்றை அவிழ்த்து மேலே தூக்கிக் கட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆனால் குழித் தண்ணீர் இன்னும் ஒரு சாண் ஏறினால் பாவையே தொடும்.

கால்வாயின் வாயில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. அவள் பின்னாலேயே பழுப்பாக ஊர்ந்து வந்தது. ஓட்டைக்கு இன்னும் ஒரு கை தூரம்தான் பாக்கி. அங்கே குனிந்தவள் ஓட்டைக்குள் பார்த்தாள். அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் எங்கள் கொட்டகை வாசல் நேராகத் தெரியும். உள்ளே தரை இறங்கியிருப்பதும், தறிக்குழிகள் இரண்டும் தெரியும்.

மண்வெட்டி நின்றது.

"அண்ணா. உங்கொட்டாய் தரை தாழ கீதே."

அப்பா கல்லிலிருந்து இறங்கினார்.

"இதத்தான் சோப்பு நுரைன்னு சொல்லிகினு இருந்தியா நீ?"

அவர் ஓட்டைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லித் தொலைச்சிருந்தா நான் இன்னா, முழுங்கியா பூட்டிருப்பேன்? சரி, வாசல்ல அணை கட்டு. ஜல்தி. நீ சொன்னப்புறந்தான் இத வெட்டுவேன்."

"உங்குழி..."

"எங்குழிய நான் பாத்துக்கறேன், நீ கட்டு!"

அவள் மண்வெட்டியின் மேல் சாய்ந்துகொண்டு நின்றாள். கால்வாயில் வந்து முட்டிய தண்ணீர் கடைசி மண்ணின்மேல் ஏறப் பார்த்தது. அவள் தன் காலை அதன் குறுக்கே வைத்து அடைத்துக்கொண்டாள். ஒரே ஒரு வெட்டு வெட்டினால் அவள் குழியில் தண்ணீர் ஏறுவது நின்றுவிடும். அதை வெட்டாமல் அவள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த இடத்தில் நானாக இருந்தால் வெட்டியிருப்பேனா? வெட்டமாட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

கொட்டகை வாசலுக்குப் போதுமான மண் எங்களிடம் இல்லை. தோட்டம் முழுக்கத்தான் அப்பா சிமெண்ட் போட்டுவிட்டாரே. நான் நிரப்பிய கோணி இரண்டு. வாசலின் அகலத்துக்கு அவை பாதிகூடக் காணவில்லை. அப்பா இங்குமங்கும் ஓடினார். பிறகு கொட்டகையின் மூலைக்குப் போய், வெடிப்பு விட்டதால் கழற்றிப் போட்டிருந்த பழைய படமரத்தைத் தூக்கினார். நெய்த துணியைச் சுருட்டும் மரம் அது, தொடை கனத்தில் நீளமாக இருக்கும். எங்கள் வீடுகளில் படமரத்தைத் தெரியாமல் காலால் தாண்டினால்கூடத் தொட்டுக் கும்பிட்டுக்கொள்வோம். அப்பா ஒரு கணம் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"போடுப்பா!" என்று கத்தினாள் அக்கா.

போட்டார். வாசலுக்குக் குறுக்கே, தரையோடு. அக்காவும் நானும் சுவரின் ஓட்டை வழியாகக் கை நீட்டினோம். ராஜம்மாள் களிமண்ணை உருட்டி உருட்டிக் கொடுத்தாள். அதை வாங்கி மரத்துக்கு அடியில் திணித்தோம், இரண்டு முனைகளிலும் கோணியை வைத்து மிதித்தோம். எத்தனை உருண்டை வாங்கினோம் என்று தெரியாது. கொடுக்கும்போதெல்லாம் அவள் ஒரு காலால் தண்ணீரை அடைத்துக்கொண்டே இருந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு எங்களைத் திட்டிக்கொண்டும் இருந்தாள். "அமுக்குடா டிகிரி! கோலம் போடற மாதிரி தடவறியே!"

அப்பா மரத்தின்மேல் ஏறி நின்று பார்த்தார். ஆடவில்லை.

"வெட்டு" என்றார்.

அவள் காலை எடுத்தாள், வெட்டினாள். தண்ணீர் ஓட்டையில் வந்து அறைந்தது. பழுப்பு நிறத்தில், வாழைச்சருகும் செங்கல் தூளுமாக எங்கள் சிமெண்டில் பாய்ந்து, நேரே வந்து படமரத்தில் மோதியது. மரத்தின்மேல் இரண்டு விரல் உயரத்துக்கு எகிறியது, உள்ளே கொஞ்சம் சிந்தியது. பிறகு ஒதுங்கித் திரும்பி, சிமெண்ட் சரிந்த பக்கமாகப் பின்சந்துக்கு ஓடியது. ஜலதாரையில் விழுகிற சத்தம் கேட்டது.

"வருதா?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"வருது!" என்றார் அப்பா.

"வருதா?"

"வருது, வருது! போ, போயி உங்குழியப் பாரு!"

சேத்துப்பட்டு பஸ் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது. லோகநாதன் மாமா குடையை மடக்கிக்கொண்டு நுழைந்தபோது, தறி அறையில் ராஜம்மாள் குழிக்குள் நின்று கடைசிச் சேற்றைச் சொம்பால் அள்ளி வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பா வாளியை வாங்கி வெளியே கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தார். பாவு தப்பித்தது. தூக்கிக் கட்டிய கயிறுகளின் முனைகள் மட்டும் நனைந்திருந்தன. மாமா குழியை எட்டிப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். கொஞ்சம் குழம்பினார்.

"இன்னா ராஜம், தண்ணி வந்துச்சா? மூடிடலாமா?"

"மூடணும்தான்" என்றாள் அவள், நிமிராமல். "முதல்ல உன் வாய."

அடுத்த கோடையில் பின்பக்கத்து மண்ணை எல்லாம் வாரினார்கள். வாழை போயிற்று. வீட்டுச் சுவரோரம் செங்கல் பரப்பி, சிமெண்ட் பூசி, சுவரில் ஓதம் ஏறாதபடி ஒரு சரிவு கட்டினார்கள். அங்கிருந்து ஓட்டை வரைக்கும் தரையைச் சிறிது சிறிதாக இறக்கினார்கள், நடுவில் ஒரு அகலமான ஆழமில்லாத கால்வாய். ஓட்டைக்கு இரும்புக் கம்பி வலை போட்டார்கள், சருகு அடைக்காமலிருக்க. சரிவு சரிதானா என்று பார்க்க பச்சையப்பன் மேஸ்திரி மட்டம் பார்க்கிற ஒரு நீள பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தார். ராஜம்மாளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. எந்தக் கருவியிலும் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது. வாளித் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றிவிட்டு அதன் பின்னாலேயே நடந்தாள். அது எங்கே தயங்கியதோ அங்கே மண்ணைச் செதுக்கச் சொன்னாள். மேஸ்திரி டியூபைச் சுருட்டிக்கொண்டு, "அப்ப என்னை எதுக்கும்மா கூப்ட்ட?" என்று கேட்டார்.

கொட்டகைத் தரையை உயர்த்தப்போவதாக அப்பா ஒவ்வொரு வருஷமும் சொல்கிறார். இன்னும் உயர்த்தவில்லை. படமரம் வாசலில் அப்படியே கிடக்கிறது, சிமெண்ட் வைத்துப் பதித்தும் ஆயிற்று. அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் தறி பார்க்க வந்து ஒவ்வொருவராக அதில் தடுக்கினார்கள். ஒவ்வொருவரும் தடுக்கிய பிறகு குனிந்து அதைத் தொட்டுக் கும்பிட்டார்கள், அவர்களும் நெசவு வீட்டார்தான்.

எனக்குச் சென்னையில் ஒரு வேலை கிடைத்து, அதை விட்டு, இன்னொன்று கிடைத்திருக்கிறது. எது என் வேலை என்று இன்னும் தெரியவில்லை. ராஜம்மாள் அத்தை அதே குழியில் கால் விட்டு நெய்துகொண்டிருக்கிறாள். மழைக்காலத்தில் ஊருக்குப் போனால், முதல் மழை பிடித்ததும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வரும். கம்பி வலைக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்பாள். கேட்கவேண்டிய அவசியமே இப்போது இல்லை, தண்ணீர் போகிற சத்தம் அவளுக்கே கேட்கும். ஆனாலும் கேட்பாள்.

"வருதா?"

அப்பா செய்துகொண்டிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசல் வரைக்கும் போய், படமரத்துக்கு இந்தப் பக்கம் நின்று, குனிந்து ஓட்டையைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். பார்க்காமல் ஒருநாளும் சொன்னதில்லை.

"வருது!"